கணக்கில் வராத துடிப்பு

மாதவிடாய் நிற்கிற வயதில் நெஞ்சு படபடப்பதெல்லாம் அந்தக் காலத்துத் தோட்டத்துப் பெண்களுக்குக் கிடையாது என்று மலேசியாவில் ஈப்போ வட்டாரத்து லகாட், பத்து காஜா, புசிங் பக்கத்து மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். விடியுமுன் எழுந்தார்கள், ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போனார்கள், பால்மரம் வெட்டினார்கள், பிள்ளை பெற்றார்கள், ஐம்பது வயதில் அது தானாக நின்றது, அவ்வளவுதான் என்பது அந்தப் பேச்சின் சாரம். தோட்டத்தைப் பற்றிய நம்முடைய பொது நினைவில் இந்தப் படம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அதில் நியாயமான பெருமையும் உண்டு. ஆனால் ஐம்பதை நெருங்கும் மகளிடம் அதையே ஆதாரமாக நீட்டி, ‘உன் பாட்டிக்கு இல்லாதது உனக்கு மட்டும் ஏன்’ என்று கேட்கும்போது அந்த நினைவு தீங்கு செய்யத் தொடங்குகிறது. அந்தப் பெண்களின் நெஞ்சும் படபடத்திருக்கும், அதை எழுதி வைக்கத்தான் ஆளில்லை என்று நான் நினைக்கிறேன். இன்றைக்கு ஒரு பெண்ணுக்கு வரும் படபடப்பு பெரும்பாலும் ஆபத்தில்லாதது என்பதும் உண்மை. அந்த முடிவை அவள் கையைப் பிடித்து நாடி பார்த்த பிறகு சொல்ல வேண்டும். பார்க்காமலே சொல்லும் வழக்கத்தைத் தோட்டத்திலிருந்து நாம் பட்டணத்துக்கும் கொண்டு வந்துவிட்டோம்.

பால்மரம் வெட்டும் வேலையை நினைத்துப் பார்த்தால் அந்தப் படபடப்பு ஏன் கண்ணில் படவில்லை என்பது விளங்கும். மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும் விடியற்காலையில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். அதனால் நான்கு மணிக்கே எழுந்து, சமைத்து, கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, இருட்டோடு இருட்டாக மர நிரைக்குப் போக வேண்டும். ஓர் ஆளின் பங்குக்கு ஐந்நூறு மரம், சில இடங்களில் அதற்கு மேலும். பிறகு மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கட்டையின் இரு முனையிலும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து, மேடு ஏறி இறங்கிப் பால் கொட்டகைக்குக் கொண்டுவர வேண்டும். இப்படி ஓடும் உடம்பில் நெஞ்சு அடித்துக்கொள்வதும் வியர்வை வழிவதும் வேலையின் பகுதியாகவே போய்விடும். நாற்பத்தெட்டு வயதில் திடீரென்று முகம் சூடாகி, நெஞ்சு திக்திக்கென்று அடித்து, முதுகு நனைந்தால், அது மேட்டில் ஏறியதால் வந்ததா, உடம்பு மாறுவதால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கே வழி இல்லை. இரவில் வந்தால் மட்டும் வேறாகத் தெரியும். ஆனால் லயத்து வீட்டில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம் படுத்திருக்கும், இந்தப் பக்கம் ஐந்தாறு பேர் ஒரே அறையில் படுத்திருப்பார்கள். இரண்டு மணிக்கு விழித்து உட்கார்ந்தவள், இன்னும் இரண்டு மணி நேரத்தில் எழுந்தே ஆக வேண்டும் என்று மறுபடி படுத்துக்கொள்வாள்.

சொல்லியிருந்தால்தான் யாரிடம் சொல்லியிருப்பாள்? தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தவர் டிரசர் என்ற மருத்துவ உதவியாளர், பெரும்பாலும் ஆண். ஆட்கள் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதே தோட்ட மருத்துவத்தின் முதல் நோக்கம். மலேரியாவை அடக்காமல் ரப்பர் பயிரிட முடியாது என்பதை 1900களின் தொடக்கத்தில் கிள்ளான் பகுதியில் டாக்டர் மால்கம் வாட்சன் செய்த பணி காட்டியது. காய்ச்சலும் காயமும் வயிற்றுப்போக்கும் கவனிக்கப்பட்டதற்குக் காரணம் அதுவே. பிள்ளைப்பேறு அடுத்த தலைமுறை ஆளைத் தந்தது, ஆகவே அதற்கும் ஓர் இடம் இருந்தது. பிள்ளைப்பேறு முடிந்த உடம்பு பதிவேட்டில் ஏற வேண்டிய அவசியம் நிர்வாகத்துக்கு வரவில்லை. நாட்கூலியில் வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. அப்புறம் மிஞ்சியது திருநீறு, தாயத்து, காத்துக் கருப்பு என்ற விளக்கம், முனியாண்டி கோயில் பூசாரி. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. தலைவியின் மெலிவைக் கண்ட தாய் வேலனை அழைத்து வெறியாட்டு நடத்தும் காட்சி சங்க அகப்பாடல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. பெண்ணின் உடம்பு காட்டும் அடையாளத்துக்கு உடம்புக்கு வெளியே காரணம் தேடுவது நமக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம். அதில் அக்கறை உண்டு, ஒரு கூட்டமே கூடி அவளுக்காக நிற்கிறது. அவள் நாடியை மட்டும் யாரும் தொடுவதில்லை.

நம் நினைவு தப்பிப் பிழைத்தவர்களின் நினைவு என்பதையும் மறக்கக் கூடாது. 1957இல் தீபகற்ப மலேசியாவில் பிறந்த பெண்ணின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு சுமார் 58 ஆண்டு. குழந்தை இறப்புகளும் சேர்ந்த சராசரி அது. ஆகவே எல்லாரும் ஐம்பத்தெட்டில் இறந்தார்கள் என்று பொருளாகாது. ஆனாலும் கொக்கிப்புழுவும் மலேரியாவும் அடுத்தடுத்த பிள்ளைப்பேறும் இரத்தத்தை உறிஞ்சிய அந்த உடம்புகளில் எத்தனை பேர் மாதவிடாய் நின்ற பிறகு முப்பது ஆண்டு வாழ்ந்திருப்பார்கள்? வாழ்ந்து, நன்றாக இருந்த பாட்டிகளை நமக்குத் தெரியும். மதிய நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து போனவர்கள் பேரப்பிள்ளைகளின் கதைகளில் வருவதே இல்லை. வீட்டில் நிகழும் மரணத்துக்கு மருத்துவச் சான்று இல்லாதபோது ‘சாக்கிட் துவா’, அதாவது முதுமை நோய், என்று எழுதி முடிக்கும் வழக்கம் இந்த நாட்டில் நெடுங்காலம் உண்டு. அந்த இரண்டு சொல்லுக்குள் எத்தனை இதய நோய் அடங்கியிருக்கும் என்பதை இனி யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

எழுதி வைப்பதால் என்ன மாறும் என்று கேட்பவர்கள் லகாட்டுக்கு வெளியே போக வேண்டியதில்லை. பக்கத்திலேயே புக்கிட் மேரா இருக்கிறது. 1982இல் அங்கே கதிரியக்கக் கழிவை உண்டாக்கும் அரிய மண் ஆலை இயங்கத் தொடங்கியது. எரிச்சல், இருமல், கருச்சிதைவு, குழந்தைகளின் நோய் என்று மக்கள் சொன்னவை முதலில் வெறும் புலம்பலாகவே கேட்கப்பட்டன. அவர்கள் எண்ணத் தொடங்கினார்கள், மருத்துவர்களை அழைத்துச் சோதிக்கச் செய்தார்கள், 1985இல் நீதிமன்றம் போனார்கள். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு உச்சநீதிமன்றம் அதை மாற்றிய பிறகும் 1994இல் ஆலை மூடப்பட்டது. கதிர்வீச்சும் மாதவிடாயும் வேறு வேறு சங்கதிகள், அந்த இரண்டையும் நான் ஒன்றாக்கவில்லை. ஆனால் தெருவில் சொல்லப்படும் உடல் உபாதை, யாரோ ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் குறிக்கத் தொடங்கிய பிறகுதான் பொருட்படுத்தப்படுகிறது என்பதை இந்த வட்டாரம் நன்றாக அறியும்.

மருத்துவம் எண்ணிப் பார்த்தபோது என்ன கிடைத்தது? தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வராமலிருந்தால் மாதவிடாய் நின்றுவிட்டது என்று கொள்கிறார்கள். மலேசியப் பெண்களுக்கு அது சராசரியாக ஐம்பது, ஐம்பத்தொன்றில் நிகழ்கிறது. அதற்கு நான்கைந்து ஆண்டு முன்பே முறை தவறத் தொடங்கும். அந்தக் கட்டத்தில் இருக்கும் பெண்களில் 42 விழுக்காடு வரையும், நின்றுவிட்டவர்களில் 54 விழுக்காடு வரையும் படபடப்பைச் சொல்கிறார்கள் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆய்வுக்கு ஆய்வு இந்த எண் வேறுபடும். ஆனால் அரிதான ஒன்று அல்ல என்பது உறுதி. மாதவிடாய் நிற்கும் காலத்து உபாதைகளை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் வினாத்தாள்களிலும் நெஞ்சு வேகமாகவோ பலமாகவோ அடிக்கிறதா என்ற கேள்வி முதல் வரிகளிலேயே வந்துவிடும். ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கும்போது மூளையின் வெப்பக் கட்டுப்பாடும், நாம் நினைக்காமலே இதயத்தை இயக்கும் நரம்பு மண்டலமும் எளிதில் தூண்டப்படுகின்றன. உடல் சூடேறும் அந்தச் சில நிமிடங்களில் நாடி நிமிடத்துக்குப் பத்து துடிப்பு அளவில் கூடும். இதைத் தவிர, முறைக்கு முந்தி விழும் துடிப்பு என்று ஒன்று உண்டு. அது விழுந்த பிறகு ஒரு சிறு இடைவெளி வரும், அடுத்த துடிப்பு ஓங்கி அடிக்கும். நெஞ்சு ஒரு நொடி நின்று மறுபடி குதித்தது என்று பெண்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நல்ல இதயத்திலும் இது நடக்கும். இடப்பக்கம் சாய்ந்து படுத்தால், வீடு அமைதியாக இருந்தால், இன்னும் தெளிவாகத் தெரியும்.

அப்படியானால் இயற்கைதானே, விட்டுவிடலாமே என்பது முதல் எதிர்வாதம். அதற்கு ஆதரவான சான்றை மறைக்க எனக்கு விருப்பமில்லை. 1996இல் அமெரிக்காவில் தொடங்கி, மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பல்லாண்டு தொடர்ந்த ‘ஸ்வான்’ ஆய்வில், ஏறத்தாழ பாதிப் பேருக்குப் படபடப்பு குறைவாகவே இருந்தது. மூன்றில் ஒரு பங்கினருக்கு நடுத்தரம். ஆறில் ஒருவருக்கு மாதவிடாய் நிற்கும் கட்டத்தில் மிகுதியாக இருந்து பிறகு தணிந்தது. இரத்தக் குழாய்களின் தொடக்க நிலை நோய்க்கும் அந்தப் படபடப்புக்கும் தொடர்பு தென்படவில்லை. ஆறுதல் தரும் முடிவு இது. பயந்து நடுங்கும் ஒரு பெண்ணிடம் இதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் வெள்ளையர், கறுப்பர், லத்தீன் அமெரிக்கர், சீனர், ஜப்பானியர் ஆகிய ஐந்து பிரிவுப் பெண்கள். நம்மைப் போன்ற தெற்காசிய வழிப் பெண்கள் அதில் தனிப் பிரிவாக இல்லை. நம் உடம்பின் கணக்கு வேறு. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளிவந்த ‘இண்டர்ஹார்ட்’ ஆய்வைக் கொண்டு பார்த்தால், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்திருந்தது, மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59. மலேசியாவில் 2019ஆம் ஆண்டுத் தேசிய நலவாழ்வு ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. முப்பெரும் இனங்களுள் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். தோட்டத்தில் நடந்தும் சுமந்தும் கழிந்த உடம்பு, தோட்டம் வீட்டுமனையாகவும் செம்பனையாகவும் மாறிய பிறகு, ஈப்போவின் புந்தோங்கிலும் மெங்லெம்புவிலும் தொழிற்சாலை ஷிப்டுக்கும் உட்கார்ந்த வேலைக்கும் வந்தது. அரிசிச் சோறும் சீனி போட்ட தேநீரும் கூடவே வந்தன. பாட்டியின் உடம்பை வைத்துப் பேத்தியின் நெஞ்சுக்கு உத்தரவாதம் கொடுக்க முடியாமல் போவது இதனால்தான்.

இந்த வயதில் படபடப்பைத் தரும் வேறு காரணங்களும் இதே வாசல் வழியாகத்தான் நுழைகின்றன. முறை தவறும் காலத்தில் அளவுக்கு மீறிப் போகும் இரத்தப் போக்கால் சோகை வரும், சோகை வந்தால் இதயம் வேகமாக அடிக்கும். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை, எடை குறைவு என்று அதே முகத்தோடுதான் வரும். சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சல் வால்வைச் சுருக்கி விட்டிருந்தால் அது நடுவயதில்தான் வெளிப்படலாம். எல்லாவற்றையும் விட நான் அஞ்சுவது, இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அதில் மேலறையில் இரத்தம் தேங்கி உறைந்து, மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளலாம். பக்கவாத அபாயம் ஐந்து மடங்கு அளவில் கூடுகிறது என்பது 1991இலேயே ஃபிரேமிங்ஹாம் ஆய்வில் தெரிந்தது. மாதவிடாய் நின்ற 83,000க்கு மேற்பட்ட அமெரிக்கப் பெண்களைப் பத்து ஆண்டு அளவில் தொடர்ந்து பார்த்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், நான்கில் ஒருவருக்குக் குறையாமல் இந்த நோய் வந்திருந்தது. தூக்கமின்மையும் வாழ்க்கையில் பட்ட அடிகளும் அதோடு தொடர்புள்ளவையாகத் தெரிந்தன. அவர்களின் சராசரி வயது அறுபதைத் தாண்டியது. ஆகவே நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்துவது தவறு. ஆனால் நாற்பத்தெட்டில் ‘வயசுக் கோளாறு’ என்று கேட்டுப் பழகிப்போன பெண், அறுபத்தைந்தில் வருவதையும் அதே பெயரில் விழுங்கிக்கொள்வாள். எனக்குக் கவலை அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் அன்பாகச் சொல்லப்படுவது: ‘எல்லாம் கவலைதான் அம்மா.’ பிள்ளை வேலை, மகள் கல்யாணம், வீட்டுக்காரர் குடி, வீட்டுக் கடன் என்று பட்டியலிட்டால் யாருக்குத்தான் நெஞ்சு அடிக்காது? கவலையால் படபடப்பு வரும் என்பதை நானும் ஒப்புகிறேன், ஸ்வான் ஆய்விலும் மனச்சோர்வும் அழுத்தமும் படபடப்போடு சேர்ந்தே காணப்பட்டன. ஆனால் கவலை என்ற விடையை முதலில் எழுதிவிட்டால் மற்ற விடைகளைத் தேட யாரும் மெனக்கெடுவதில்லை. 1997இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, திடீர் திடீரென இதயம் மிக வேகமாக ஓடும் மின்கோளாறு உறுதியான 107 பேரின் பழைய வரலாற்றைப் புரட்டியது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் பரிசோதனையில் அது பிடிபடவே இல்லை. அப்படித் தவறவிடப்பட்டவர்களில் பெண்களுக்கு 65 விழுக்காட்டிலும் ஆண்களுக்கு 32 விழுக்காட்டிலும் பயம், பதற்றம், மன அழுத்தம் என்று காரணம் சொல்லப்பட்டிருந்தது. ஒரே நோய், ஒரே துடிப்பு, சொன்னவர் பெண் என்பதால் விடை மாறுகிறது. இன்னொன்றும் உண்டு. துக்கம் இதயத்தை உண்மையாகவே தாக்கும். பேரதிர்ச்சிக்குப் பின் இதயத்தசை தற்காலிகமாகச் செயலிழந்து, மாரடைப்பு போலவே தோன்றும் நிலையை 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தார்கள். அதற்கு ஆளாகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலோர் மாதவிடாய் நின்றவர்கள். ஆகவே காரணம் கவலையே என்றாலும் நாடி பார்க்கும் வேலை மிச்சம் இருக்கிறது.

மூன்றாவது எதிர்வாதத்துக்கு நான் மிகுந்த மதிப்புத் தருகிறேன். இயற்கையான மாற்றத்தை நோயாக்கி மருந்து விற்கப் பார்க்கிறார்கள் என்பது அது. வரலாறு அதன் பக்கம் பேசுகிறது. 1966இல் ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்க மருத்துவர், மாதவிடாய் நிற்பதே ஒரு குறைபாட்டு நோய் என்றும் ஹார்மோன் மாத்திரை இளமையைக் காக்கும் என்றும் எழுதிய நூல் பெருமளவில் விற்றது. 2002இல் 16,608 பெண்களைக் கொண்ட பெரிய சோதனையை நடுவிலேயே நிறுத்த வேண்டி வந்தது. இரண்டு ஹார்மோன்களைச் சேர்த்துக் கொடுத்ததில் மார்பகப் புற்றும் மாரடைப்பும் பக்கவாதமும் கூடியதாகத் தெரிந்ததே காரணம். பிற்கால அலசல்கள் வயதுக்கேற்ப அந்த அபாயம் மாறும் என்று காட்டின. மாதவிடாய் நின்று சில ஆண்டே ஆன, வேறு நோயற்ற பெண்களுக்குச் சூடேறுதலைத் தணிக்க இன்று மருத்துவர்கள் அந்த ஹார்மோன்களை யோசித்துக் கொடுக்கிறார்கள். இதயத்தைக் காக்க என்று யாரும் அதைக் கொடுப்பதில்லை. இந்த வரலாற்றை அறிந்தவள் மாத்திரையைச் சந்தேகிப்பதில் தவறே இல்லை. ஆனால் நான் கேட்பது மாத்திரையை அல்ல. நாடி, இரத்த அழுத்தம், ஓர் இசிஜி, இரத்தத்தில் சோகை, தைராய்டு, சர்க்கரை. சோதனை சரியாக வந்தால் அவள் எந்த மருந்தும் இல்லாமல் வீட்டுக்குப் போகலாம். பார்த்துவிட்டுச் சொன்ன ‘ஒன்றுமில்லை’யைக் கேட்டுவிட்டு அவள் இரவில் தூங்க முடியும்.

இசிஜி எடுக்கும்போது படபடப்பு நின்றுவிடுகிறதே, கிளினிக்கில் இருக்கும் கூட்டத்தில் எதைச் சொல்ல முடியும் என்பார்கள். உண்மைதான். இசிஜி பத்து நொடியைத்தான் பதிவு செய்கிறது. இரவு இரண்டு மணிக்கு வந்தது காலை பத்து மணித் தாளில் இருக்காது. ஆகவே இரவு இரண்டு மணியின் பதிவை அவளேதான் கொண்டு போக வேண்டும். கைநாடி பார்ப்பது நமக்கு அந்நியமானதல்ல, சித்த மருத்துவர்கள் பெண்ணுக்கு இடக்கையைப் பிடித்து நாடி பார்த்த மரபு நம்முடையது. கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் மறுகையின் இரண்டு விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ண வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது அறுபதிலிருந்து நூறு வரை வழக்கமானது. எண்ணிக்கையைவிட ஒழுங்கு முக்கியம். சீராகப் போகிறதா, சீராகப் போய் இடையில் ஒன்று தவறுகிறதா, அல்லது எந்த ஒழுங்குமே இல்லாமல் முன்னும் பின்னுமாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது வகை என்றால் காத்திருக்காமல் போக வேண்டும். மயக்கம், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், நடக்கும்போதோ படியேறும்போதோ வரும் படபடப்பு, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும்.

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான், ஆனால் டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடம். அந்தச் சில நிமிடத்தில் ‘உடம்புக்கு முடியலை, பயமா இருக்கு’ என்று தொடங்கினால் கவலைக்கான மாத்திரையோடு திரும்பி வர நேரும். ‘ஜந்துங் பெர்டெபார்’ என்று மலாயில் முதலில் சொல்லிவிட்டு, எழுதி வைத்த தாளை நீட்டுவது நல்லது. என்ன தேதி, எத்தனை மணி, சட்டென்று தொடங்கியதா மெல்லக் கூடியதா, எத்தனை நிமிடம் இருந்தது, நாடி எத்தனை, சீராக இருந்ததா, சூடேறி வியர்த்ததோடு வந்ததா தனியாக வந்ததா, கடைசியாக மாதவிடாய் வந்தது எப்போது, போக்கு அதிகமா, என்னென்ன மருந்தும் மூலிகையும் சாப்பிடுகிறாள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மருதம்பட்டைக் கஷாயம் குடித்தால் அதையும் எழுத வேண்டும், மறைக்க வேண்டியதில்லை. அந்தத் தாள் கையில் இருந்தால் இருபத்து நான்கு மணி நேரம் இதயத்தைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவிக்கு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கலாமா என்று டாக்டர் முடிவு செய்ய முடியும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு இதை எழுதிக் கொடுக்கும் வேலை வீட்டிலிருக்கும் மகனுடையதும்தான், மகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.